கவசத்துக்குள் இருந்த முகம்



ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது மத்திய சர்க்காரில் எனக்கு அமைந்த உத்தியோகம். எல்லை கடக்கும் கருத்து எதை இழக்கிறது, எதைப் புதிதாகப் பெறுகிறது என்று பார்ப்பது அதனால் வழக்கமாகிவிட்டது. அண்மையில் என் மகன் முகம் வாடி வந்து நின்றான். அவன் போற்றும் 'கன்டாம்' என்னும் ஜப்பானிய அனிமே, அதாவது அசையும் சித்திரத் தொடர், ஓர் அமெரிக்க நாவலிலிருந்து எடுக்கப்பட்டதென்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "திருட்டா, அப்பா?" என்றான். நாவலை வாங்கிப் படித்தேன். தொடரையும் அவனோடு அமர்ந்து பார்த்தேன்.

நாவல், ராபர்ட் ஹைன்லைன் 1959இல் வெளியிட்ட 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்'. ஆசிரியர் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர். நோய் காரணமாகப் பணியினின்று விலகியவர். படைவாழ்வின் மீது அவருக்குள்ள மதிப்பு பக்கந்தோறும் தெரிகிறது. அவர் கற்பனை செய்த அரசில், அரசுப் பணிக்காலத்தை முடித்தவருக்கே வாக்குரிமை. இஃது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் வகுப்பறை விவாதங்களாக அவர் அதை நிறுவும் திறம் நம்மை எதிர்வாதம் தேடச் செய்கிறது. கதை சொல்லும் ரிக்கோ என்ற வீரனின் தாய்மொழி தகலாக் என்பது நூலின் இறுதியில்தான் தெரியவருகிறது. வெளிமாநிலத்தில் வாழும் நாம் அந்தப் பக்கத்தில் சற்று நின்றே செல்வோம்.

வீரர்கள் அணியும் இயந்திரக் கவசமே நூலின் புதுமை. உடுத்தவன் கையை அசைத்தால் கவசத்தின் கையும் அசையும். அவன் துள்ளினால் அது நெடுந்தூரம் தாவும். ஜப்பானியப் பதிப்புக்கு வரையப்பட்ட கவசச் சித்திரங்கள் அந்நாட்டில் பலரைக் கவர்ந்தன. 1979இல் யொஷியுக்கி டோமினோ இயக்கிய 'கன்டாம்' தொடருக்கு அவை ஒரு வித்து. ஆனால் பொருளுதவி செய்தது விளையாட்டுப் பொம்மை நிறுவனம். அதற்குப் பெரிய பொம்மை வேண்டும். ஆகவே ஆள் உடுத்தும் கவசம், ஆள் உள்ளே அமர்ந்து ஓட்டும் 18 மீட்டர் இயந்திரமாயிற்று! கலை வளர்வதற்கு இப்படியும் காரணம் உண்டு.

மாறியது உயரம் மட்டுமன்று. நாவலில் பிரதான எதிரிகள் பூச்சி போன்ற அயற்கிரகத்தார். அவர்களுள் எவருக்கும் பெயரில்லை. ஆகவே கொல்லும் கைக்குத் தயக்கமும் இல்லை. டோமினோவோ இரு பக்கத்திலும் மனிதரையே நிறுத்தினார். ஒரு பக்கம் பூமியின் ஆட்சி. மறுபக்கம் விண்வெளியில் குடியேறியோர் அமைத்த நாடு. போரில் மனிதகுலத்தில் பாதி மாண்டுவிட்டது என்றே கதை தொடங்குகிறது. பதினைந்து வயது அமுரோ விரும்பிப் படையில் சேர்ந்தவனல்லன். தன் குடியிருப்பு தாக்கப்படும்போது, கையேட்டைப் புரட்டியபடியே இயந்திரத்தை இயக்குகிறான்.

ஒரு காட்சி என்னை விட்டு நீங்கவில்லை. பாலைவனத்து உணவுவிடுதி ஒன்றில் அமுரோ, ராம்பா ரால் என்னும் பகைப்படை அதிகாரியைக் காண்கிறான். ராலின் துணைவி அவனுக்கும் உணவு வாங்கித்தர முன்வருகிறாள்; அவன் மறுத்துவிடுகிறான். பின்னர் போர்க்களத்தில் இரு இயந்திரங்களும் மோத, இருக்கையறை பிளந்து உள்ளிருப்பவர் முகம் தெரிகிறது. விடுதியில் பார்த்த அதே முகம்! நாவலாசிரியர் பத்துப் பக்கம் எழுதவேண்டிய மனக்கலக்கத்தைச் சித்திரம் இரண்டு விழிகளில் காட்டிவிடுகிறது.

43 பகுதிகளோடு குறுக்கப்பட்ட தொடர் அது. மறு ஒளிபரப்பில்தான் பெரும்புகழ் பெற்றது. "எடுத்ததுதான். ஆனால் கவசத்தை எடுத்தவர், எதிரே நிற்பவனை மாற்றிவிட்டார்" என்று மகனிடம் சொன்னேன். அவனுக்கு முழுத் திருப்தியில்லை. நாவல் இப்போது அவன் கையில் இருக்கிறது.