ஆளை எடைபோடுவதும் தன்னை எடைபோடுவதும்

ஒருவரைப் பற்றி முதலில் காதில் விழும் செய்தி, பின்னால் தெரியவரும் அத்தனைக்கும் சாயம் ஏற்றிவிடுகிறது. சாலமன் ஆஷ் 1946-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு சொல்லே அப்படிச் சாயம் ஏற்றிவிடும் என்பதைத் துலக்கமாகக் காட்டியது. முன்பின் தெரியாத ஒருவரின் குணங்களாக ஏழு சொற்கள் மாணவர்களுக்கு வாசிக்கப்பட்டன: அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி என்று போகும் பட்டியல். நடுவிலிருந்த ஒரு சொல் மட்டும் வேறு. ஒரு குழுவுக்கு ‘அன்பானவர்’, மறு குழுவுக்கு ‘ஒட்டாதவர்’. முதல் குழு அவரைத் தாராள மனதுக்காரர், சிரித்துப் பழகுபவர் என்றெல்லாம் வருணித்தது. இரண்டாவது குழுவுக்கு அவர் கஞ்சராகவும் கடுகடுப்பானவராகவும் பட்டார். இந்தக் குணங்கள் எதுவும் பட்டியலில் இல்லை. அதே இடத்தில் ‘பணிவானவர்’, ‘வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுபவர்’ என்ற சொற்களை வைத்தபோது இவ்வளவு வேறுபாடு வரவில்லை.

ஹரால்டு கெல்லி 1950-இல் இதை ஒரு வகுப்பறைக்கே கொண்டுபோனார். பாடம் எடுக்க வந்த புதியவரைப் பற்றிய குறிப்பில் மாணவர் பாதிப்பேருக்கு ‘அன்பானவர்’ என்றும், மீதிப்பேருக்கு ‘ஒட்டாதவர்’ என்றும் இருந்தது. பாடம் ஒன்றே, ஆளும் ஒருவரே. பின்னர் நடந்த கலந்துரையாடலில் முதல் வகையினரில் 56 விழுக்காட்டினர் வாய் திறந்தனர். மற்றவர்களில் 32 விழுக்காட்டினர்தான். சொற்பொழிவுக்கு முன் படிக்கப்படும் அறிமுக உரையும் சும்மா போவதில்லை என்று தெரிகிறது.

தமிழ்நாட்டில் அந்த முதல் செய்தி பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான். “எந்த ஊரு, அங்க எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை” என்று விசாரணை இறங்கிக்கொண்டே போகும். திருச்சியில் அரியமங்கலம் என்றால் பலருக்கும் சட்டென்று நினைவு வருவது குப்பைக் கிடங்கு. கோடையில் அது பற்றி எரிந்து தஞ்சாவூர் சாலை வரை புகை சூழ்ந்த நாட்கள். சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகமும் அதே ஊரில்தான் இருக்கிறது என்பது இரண்டாவதாகத்தான் நினைவு வரும். சுமார் 47 ஏக்கரில் குவிந்த அந்தக் குப்பை அரியமங்கலத்தார் மட்டும் போட்டதன்று. தில்லைநகர், ஸ்ரீரங்கம், உறையூர் என்று மாநகரம் முழுவதும் கழித்துக் கொட்டியது அது. குப்பை வந்த வழியைப் பார்க்காமல், அது கிடக்கும் இடத்து மக்களைச் சுத்தம் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டுவதுதான் சமூக உளவியலில் அடிப்படைக் காரணப் பிழை எனப்படுவது. 1977-இல் லீ ராஸ் வைத்த பெயர் அது: சூழ்நிலையால் நேர்ந்ததை ஆளின் குணத்தின்மேல் ஏற்றுவது.

இந்தப் பிழை எல்லா நாட்டிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் மைசூர்க்காரர்களும் சிகாகோக்காரர்களும் ஒப்பிடப்பட்டனர். அதில் வரும் ஒரு சம்பவம்: வக்கீல் ஓட்டிச் சென்ற மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் வெடித்து, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். வக்கீல் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, மருத்துவரிடம் எதுவும் கேட்காமல் நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். அமெரிக்கர்கள் வக்கீலின் பொறுப்பின்மையைச் சொன்னார்கள். இந்தியர்கள், கட்சிக்காரருக்காக நீதிமன்றம் போகவேண்டிய கடமையையும் அந்த நேரத்து நெருக்கடியையும் சொன்னார்கள். எட்டு வயதில் இரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏறத்தான் பாதை பிரிகிறது. ஆக, இது வளர்ப்பில் வருவது. ஆனால் சூழ்நிலையைப் பார்க்கப் பழகிய சமூகமும் வேற்றுச் சாதிக்காரர் என்று வரும்போது அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிடும் என்பதற்கு இங்கே சான்று தேடி அலையவேண்டியதில்லை.

பிறர் பார்வை வெளியே நின்றுவிடுவதும் இல்லை. பிறர் தன்னை எப்படிக் காண்கிறார்கள் என்று ஒருவர் ஊகிப்பதிலிருந்தே அவருடைய ‘தான்’ உருவாகிறது என்று சார்லஸ் கூலி 1902-இலேயே எழுதினார். உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்தி 2006-இல் வெளியிட்ட பரிசோதனை இதை அளந்தே காட்டியது. ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர் 642 பேர்; உயர்சாதியினர் பாதி, தாழ்த்தப்பட்டோர் பாதி. வேலை, தாளில் உள்ள புதிர்வழிகளைத் தீர்ப்பது. தீர்த்ததற்குக் காசு உண்டு. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே தீர்த்தன. வேறு குழுக்களில் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பெயர், ஊர், சாதி எல்லாம் குழு முன் உரக்க வாசிக்கப்பட்டன. தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தீர்த்த எண்ணிக்கை சுமார் ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. திறமை அதேதான், அறையில் எல்லோருக்கும் என்ன தெரியும் என்பது மட்டுமே மாறியிருந்தது. இவ்வகை விளைவு எங்கும் இதே அளவில் கிடைப்பதில்லை என்பதைப் பிற நாடுகளில் நடந்த மறு ஆய்வுகள் காட்டின. ஆனாலும் இந்திய வகுப்பறையைப் பற்றிப் பேசும்போது இதை ஒதுக்கிவிட முடியாது.

தமிழ்நாடு இந்தச் சாதிச் செய்தியின் ஊற்றை அடைக்க முயன்ற வரலாறு நீண்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொன்னது. இன்று தலைப்பெழுத்தும் பெயருமாக எழுதுவதே இங்கு பொதுவழக்கு. ஆனால் சாதி பெயரிலிருந்து கையிற் கட்டும் வண்ணக் கயிற்றுக்கு இடம் மாறியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் பள்ளி மாணவர்களே வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர்களை அகரவரிசையில் உட்காரவைக்கவேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. உதவித்தொகைக்காகச் சாதி விவரம் அலுவலகக் கோப்பில் இருந்துதான் ஆகவேண்டும். அதை வகுப்பில் எல்லோர் காதிலும் விழும்படி படிப்பது வேறு. உத்தரப் பிரதேசச் சிறுவர்களைத் தடுமாற வைத்தது இந்த இரண்டாவதுதான்.