பக்கத்தில் கட்டிய மாட்டுக்கு ஏன் வரவில்லை?

(திருவண்ணாமலையில் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் இங்கே வரும்போது கிரிவலப் பாதை ஓரமாக ஒரு பையன் நான்கைந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். தோளில் பள்ளிக்கூடப் பை தொங்கியது. ஆடுகளை எங்கோ கட்டிவிட்டு அப்படியே பள்ளிக்குப் போவான் போலிருக்கிறது. முதல் மணிக்குப் பிந்தி வந்து உங்களிடம் திட்டு வாங்குகிறவர்களில் அவனும் ஒருவனாக இருக்கலாம்.

கால்நடைகளுக்கும் பறவைகளுக்கும் வரும் வைரஸ் நோய்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு அது பெரிய தலைப்பு. நான் முக்கியமாக ஓர் ஆட்டு நோயைப் பற்றிப் பேசுகிறேன். அதையும், நான் தப்பாக எழுதிய ஒரு பதிவிலிருந்து தொடங்குகிறேன்.

1980களின் நடுப்பகுதி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. திருவண்ணாமலை அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. வட ஆற்காட்டோடு இருந்தது. செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஆடுகள் தலை தொங்கி நிற்கின்றன. கடுமையான காய்ச்சல். மூக்கில் சளி ஒழுகிக் காய்ந்து கிடக்கிறது, கண் இமைகள் ஒட்டியிருக்கின்றன, வாய்க்குள் புண், கிட்டே போக முடியாத நாற்றம். கழிச்சல் வேறு. இரண்டு ஆடுகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. என்னிடம் இருந்த ஊசியைப் போட்டுவிட்டு நோட்டில் 'வெக்கை நோய்' என்று எழுதினேன். ஆட்டுக்கு இப்படி வந்தால் அப்போது நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்.

அந்த வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் இருந்தாள். "சார், இதே கொட்டாய்லதான் மாட்டையும் கட்டியிருக்கோம். அதுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டாள்.

"மாட்டுக்குத் தடுப்பூசி போட்டிருப்பாங்கம்மா" என்றேன். "போடலியே சாமி" என்றார் அவளுடைய பாட்டி. நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

பதினொரு ஆடுகளில் இரண்டுதான் மிஞ்சின. அடுத்த மாதம் அந்த வழியாகப் போனபோது அந்தப் பெண் மல்லாட்டை பிடுங்கும் கூலிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நம் மாவட்டத்துக் கிராமங்களில் ஆடு என்பது வங்கிக் கணக்கு மாதிரி. நோட்டுப் புத்தகம், சீருடைத் தையற்கூலி, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் வரும். ஒரே வாரத்தில் அந்தக் கணக்கு காலியானால் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்பு. இதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

இப்போது அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெக்கை நோய் என்பது மாடுகளின் கொள்ளைநோய். ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் என்பார்கள். நம் நாட்டின் கால்நடை ஆராய்ச்சி பெருமளவுக்கு இந்த நோயினால்தான் தொடங்கியது. 1889இல் புனேயில் தொடங்கி, 1893இல் இமயமலைப் பகுதியான குமாவூனின் முக்தேஸ்வருக்கு மாற்றப்பட்ட ஆய்வகம்தான் இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம். அங்கே 1920களில் ஜே. டி. எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை வைரசை ஆடுகளின் உடலில் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி செய்தார். ஆக, வெக்கை வைரஸ் ஆட்டின் உடலில் வளரும் என்பது தெரிந்த செய்தி. நான் எழுதியதில் தர்க்கம் இருந்தது, உண்மை இல்லை. மாடுகளின் நோய் ஒரு கொட்டகைக்குள் புகுந்து, ஆட்டைக் கொன்றுவிட்டு, தடுப்பூசி போடாத மாட்டைத் தொடாமல் போகுமா? ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு எழுந்த சந்தேகம் எனக்கு எழவில்லை.

1987இல் விழுப்புரம் பக்கம் அரசூர் என்ற ஊரில் செம்மறி ஆடுகளுக்கு இதே நோய் வந்தது. அரசூர் நமக்குப் பக்கம்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வைரஸ் ஆய்வாளர் எம். எஸ். ஷைலாவும் தமிழகக் கால்நடை அறிவியலாளர்களும் சேர்ந்து அந்த வைரசை ஆராய்ந்தார்கள். அது வெக்கை வைரஸ் இல்லை. அதன் நெருங்கிய உறவினர். 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட நோய் அது. பிரெஞ்சு மொழியில் நீளமான பெயர், சுருக்கமாக பி.பி.ஆர். தமிழில் ஆட்டுக்கொல்லி நோய் என்கிறோம். இந்தியாவில் இந்த நோய் இருக்கிறது என்று அறிவித்த முதல் கட்டுரை 1989இல் வெளிவந்தது.

உறவு என்று சொன்னேன். வகுப்பில் இதை விளக்க நல்ல வழி இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், மாட்டின் வெக்கை, ஆட்டுக்கொல்லி இவை எல்லாம் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ஒன்றுக்கு எதிராக உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருள் மற்றொன்றையும் ஓரளவு அடையாளம் கண்டுகொள்ளும். பழைய பரிசோதனைகளில் ஆட்டுக்கொல்லியும் வெக்கை என்றே தெரிந்ததற்கு இதுதான் காரணம். இரண்டையும் பிரித்தறியத் தனிப் பரிசோதனைகள் தேவைப்பட்டன.

பெயரில் என்ன இருக்கிறது, செத்த ஆடு செத்ததுதானே என்று கேட்கலாம். அந்த நேரத்தில் நாடே வெக்கை நோயை ஒழிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு நோயை ஒழித்துவிட்டோம் என்று எப்படி நிரூபிப்பது? தடுப்பூசியை நிறுத்த வேண்டும். பிறகு இரத்தத்தைச் சோதித்து, புதிதாக எதிர்ப்பொருள் எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். ஆட்டில் வருவதெல்லாம் வெக்கை என்று என்னைப் போன்றவர்கள் எழுதிக்கொண்டே இருந்தால் அந்தக் கணக்கு ஒருநாளும் முடியாது. இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆட்டுக்கொல்லிக்கு அதுவரை மாட்டின் வெக்கைத் தடுப்பூசியையே ஆட்டுக்கும் போட்டு வந்தார்கள். உறவு வைரஸ் என்பதால் அது காப்பாற்றவும் செய்தது. ஆனால் வெக்கையை ஒழிக்க வேண்டுமானால் அந்தத் தடுப்பூசியை எந்தக் கால்நடைக்கும் போடக் கூடாது. அப்படியானால் ஆட்டுக்கு என்ன வழி?

ஆட்டுக்கொல்லி வைரசிலிருந்தே தடுப்பூசி செய்தார்கள். முக்தேஸ்வரில் செய்ததற்கு மூலம், இமாசலப் பிரதேசத்தின் சுங்ரியில் கிடைத்த வைரஸ். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் செய்ததற்கு மூலம் அரசூர் வைரஸ். 'அரசூர் 87' என்றே அதற்குப் பெயர். நம் பக்கத்து ஊர் ஆடுகளைக் கொன்ற வைரஸ் ஆய்வகத்தில் வீரியம் இழந்து, பிறகு ஆடுகளைக் காக்கும் மருந்தாகத் திரும்பி வந்தது. இந்த இடத்தை மட்டும் ஒரு முழுப் பாடவேளை எடுத்து நடத்தலாம்.

வெக்கையின் கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அந்த நோய் கடைசியாகப் பதிவானது 1995இல், தமிழ்நாட்டில், அதுவும் வட ஆற்காட்டில். நாம் பிரிந்து வந்த மாவட்டம்! 2006இல் இந்தியா வெக்கை இல்லாத நாடாக அங்கீகாரம் பெற்றது. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். மனிதன் ஒழித்த முதல் நோய் பெரியம்மை, இரண்டாவது இது. பெரியம்மையைப் பற்றி எல்லோரும் பாடம் நடத்துகிறோம். வெக்கையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை.

பறவைகளைப் பற்றியும் கேட்டார்கள். கோழிகளின் வெள்ளைக் கழிச்சலில் இதற்கு நேர்மாறான பெயர்க் குழப்பம். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே வந்த நோய்க்கு அந்த ஊரின் பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் குமாவூன் மலையில் வந்ததற்கு ராணிக்கெட் என்று பெயரிட்டார் அதே எட்வர்ட்ஸ். பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே நோய். இங்கே ஒரு நோய்க்கு இரண்டு பெயர். ஆட்டில் இரண்டு நோய்க்கு ஒரு பெயர். கோழிக்குத் தடுப்பூசி இருக்கிறது, முகாம்களும் நடக்கின்றன. வீட்டில் நாலு கோழி வளர்க்கும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

ஆட்டுக்கொல்லியை 2030க்குள் உலகிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். வெக்கையைவிட இது கடினம் என்பது என் எண்ணம். ஆடு சீக்கிரம் பெருகும், சீக்கிரம் விற்கப்படும். ஒவ்வோர் ஆண்டும் ஊசி போடாத புதுக் குட்டிகள் மந்தைக்கு வந்துகொண்டே இருக்கும். மூன்று, நான்கு மாதம் தாண்டிய குட்டிக்குத் தோலுக்கடியில் ஓர் ஊசி போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பாதுகாப்பு. மருந்து வெயில் தாங்காது. கரைத்த மருந்தை ஐஸில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே 'ஊசி போடுகிறவர் வந்திருக்கிறார்' என்ற செய்தி ஊருக்குள் வேகமாகப் பரவ வேண்டும். அதற்குப் பள்ளிப் பிள்ளைகளை விட வேகமான ஆள் கிடையாது.

சந்தையிலிருந்து வாங்கி வந்த ஆட்டை, விற்காமல் திரும்பி வந்த ஆட்டை, இரண்டு மூன்று வாரம் மந்தையில் சேர்க்காமல் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். தீபத் திருவிழாவை ஒட்டி எத்தனை ஊர்க் கால்நடைகள் இங்கே கூடுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டுக்கொல்லி மனிதர்களுக்குத் தொற்றாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பயந்துகொண்டு நோயை மறைப்பவர்கள் உண்டு.

அறிவியல் ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஆடு வைத்திருக்கும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டு எழுத வையுங்கள். எந்த ஆட்டுக்கு முதலில் வந்தது, எத்தனை நாள் கழித்து அடுத்ததற்கு, குட்டியா கிடாவா, வெள்ளாடா செம்மறியா, பக்கத்தில் கட்டிய மாட்டுக்கு என்ன ஆயிற்று. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எதிரில் நின்றால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். நான் போயிருந்த அந்த வீட்டில் நோட்டு இல்லை, கேள்வி இருந்தது. என் நோட்டில் நான் எழுதிய 'வெக்கை' மாவட்டக் கணக்கில் ஏறிவிட்டது. பிறகு அதை யாரும் திருத்தவில்லை, நான் உட்பட.

நேரமாகிவிட்டது. இனி நீங்கள் கேளுங்கள். தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டியவர்கள் முதலில் கேட்டால் நல்லது. பயிற்சி முடிந்ததும் ஜவ்வாதுமலைக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறீர்கள்.