கடைசி ஸஃப்பில் நிற்கும் சகோதரர்

(வாலிநோக்கம் ஜும்ஆ உரை)

 

பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டவர் அவ்வாடையோடு பள்ளிக்கு வருவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். அதை எண்ணியே, முன்வரிசையில் இடமிருந்தும் கடைசி ஸஃப்பில் ஒதுங்கி நிற்கும் சகோதரர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் பூண்டு உண்டவர்களல்லர், ஈறு நோயாளிகள். அருகில் நின்றவர் ஒருமுறை முகம் திருப்பியதை அவர்களால் மறக்க இயலவில்லை. இதைச் சொல்லும் நானும் அவ்வாறு முகம் திருப்பியவன்தான்.

பல்லின் அடியில் படியும் அழுக்கில் கிருமிகள் பெருகுகின்றன. நாளடைவில் அது பற்காரையாக இறுகுகிறது. ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. கவனியாது விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து பல் ஆடுகிறது. அசுத்தமே காரணம் என்று கூறி நகர்ந்துவிடலாம். ஆனால், அது பாதி உண்மையே.

முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த வீரர்கள் பலருக்கு ஈறுகள் அழுகிப் புண்ணாயின. அந்நோய்க்குப் 'பதுங்குகுழி வாய்' என்றே பெயர் வந்தது. துலக்க வசதியில்லை என்பது மட்டுமன்று. உயிரச்சம், உறக்கமின்மை, ஓயாத புகை யாவும் சேர்ந்துகொண்டன. தேர்வுக் காலத்து மாணவர்களிடமும் ஈறு அழற்சி மிகுவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். நீங்காத கவலையில் கார்டிசால் என்னும் சுரப்பு மிகுந்து, கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குலைகிறது. கவலையுற்றவர் துலக்குவதையும் மறந்து, பீடியையும் புகையிலையையும் நாடுகிறார். புகைப்பவருக்கு இரத்தக் கசிவு குறைந்து காணப்படுவதால் நோய் உள்ளே மறைந்தே வளர்கிறது. நீரிழிவும் இருந்தால் ஒன்றையொன்று முற்றச் செய்யும்.

இக்கவலை நம் ஊருக்குப் புதிதா? 1974-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இங்குள்ளது. மழை இறங்கினால் உப்பளத்தில் கூலியில்லை. விசைப்படகில் செல்வோருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. கணவர் வளைகுடாவிலிருக்க, கடன்காரருக்குப் பதில் சொல்லும் சகோதரி தம் பல்வலியை யாரிடம் சொல்வார்? 'பல்லை ஒழுங்காகத் துலக்கு' என்னும் ஒரு சொல்லே அவருக்குக் கிடைக்கிறது. அச்சொல் வெட்கத்தைக் கூட்டுகிறது; வெட்கம் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுகிறது.

இல்லத்தினுள் நுழைந்ததும் நபியவர்கள் முதலில் மிஸ்வாக் செய்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆகவே வாய்த்தூய்மை பள்ளிக்கு மட்டும் உரியதன்று. இல்லத்தாரின் மனம் கோணாதிருக்கவும் உரியது.

இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள், மென்மையாகத் துலக்குங்கள். காரையை எடுத்தால் பல் ஆடும் என்னும் அச்சமும் வேண்டாம். ஏற்கெனவே தளர்ந்திருந்ததைக் காரை மறைத்திருந்தது, அவ்வளவே. இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குத் தனியே செல்லத் தயங்குவோர் தொழுகைக்குப் பின் என்னிடம் சொல்லுங்கள். என் ஈற்றையும் காட்ட வேண்டியுள்ளது, பேருந்தில் சேர்ந்தே செல்வோம்.