ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு



கல்லாவி, ஊத்தங்கரை பக்கத்திலிருந்து கம்பெனி பஸ் பிடித்து போச்சம்பள்ளிக்கும் பர்கூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. மெஷினில் நிற்பவர்கள் ஒருபுறம். கணக்கு, ஸ்டோர்ஸ், டிசைன் என்று அலுவலகத்தில் உட்காருபவர்கள் மறுபுறம். அந்த அலுவலகங்களில் எரியும் விளக்குகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள். எல்லோரும் கேன்டீனில் இருப்பார்கள். ஹாலில் அத்தனை பேனல் லைட்டும் எரியும். ஜன்னலோரம் வெயில் மேசை மேல் விழும். அதற்கு நேர் மேலேயும் ஒரு லைட் எரியும். காலையில் கூட்டம் முடிந்துபோன மீட்டிங் ரூமிலும் எரியும்.

இதில் ஊழியர்களைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது பேர் உட்காரும் ஹாலுக்கு வாசலருகே ஒரே சுவிட்ச் போர்டு. ஒரு சுவிட்சைத் தட்டினால் ஒரு வரிசையே அணையும். அந்த வரிசைக் கடைசியில் இரண்டு பேர் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் யாரும் போர்டில் கை வைப்பதில்லை. குறை வயரிங்கில் இருக்கிறது.

2015 ஜனவரியில் மலிவு விலை விளக்குகளுக்கான மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பிறகு எல்இடி பல்பின் விலை மளமளவென்று இறங்கியது. 40 வாட் குழல் விளக்கு தொங்கிய இடத்தில் இன்று 20 வாட்டுக்குள் வேலை முடிகிறது. ஆனால் ஆளே இல்லாத அறையில் எரியும்போது அந்த 20 வாட்டும் வீண்தான். நல்ல விளக்கு வாங்கிவிட்டோம். தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், தேவையான அளவுக்கு மட்டும் அதை எரிய வைப்பதுதான் அடுத்த வேலை.

இதற்கான கருவிகள் புதியவை அல்ல. ஆள் நடமாட்டத்தை அறியும் சென்சார், பகல் வெளிச்சத்தை அளக்கும் சென்சார் இரண்டும் பல வருடங்களாக இருக்கின்றன. ஆனால் இவற்றைப் பழைய கட்டடத்தில் பொருத்த, சுவரில் காடி வெட்டி பைப் பதித்து, ஒவ்வொரு விளக்குக்கும் தனி வயர் இழுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவைக் கேட்டதும் முதலாளி பின்வாங்கிவிடுவார். வயர்லெஸ் கட்டுப்பாடு இந்தத் தடையைத்தான் நீக்குகிறது. விளக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கும். மின்சாரம் பழைய வயரிலேயே வரும். ‘எரி’, ‘அணை’, ‘மங்கு’ என்ற கட்டளை மட்டும் ரேடியோ அலையில் போகும். ஜிக்பீ, புளூடூத் மெஷ் போன்ற வயர்லெஸ் முறைகளில் ஒரு விளக்கு வாங்கிய செய்தியை அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடும், கட்டட வேலையில் செங்கலைக் கைக்குக் கை மாற்றுவது போல. அதனால் நீளமான ஹாலின் கடைசி விளக்கு வரை செய்தி போய்ச் சேரும்.

சுவிட்சுக்குக்கூட வயர் தேவையில்லை. ஜெர்மனியில் 2001-ல் தொடங்கிய எனோஷன் நிறுவனத்தின் சுவிட்சில் பேட்டரியும் கிடையாது. விரலால் அழுத்தும்போது உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து ஒரு துளி மின்சாரம் உண்டாக்கும். ஒரு சிறு செய்தி அனுப்ப அதுவே போதும். கண்ணாடித் தடுப்பின் மேலேகூட அதை ஒட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு மிச்சமாகும்? அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் 2011-ல் 88 ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆள் சென்சாரால் சராசரியாக 24 சதவீதம், பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்துவதால் 28 சதவீதம், பல முறைகளைச் சேர்த்தால் 38 சதவீதம் மிச்சம் என்று கணக்கிட்டது. அதில் என்னை நிறுத்திய எண் வேறொன்று. விளக்கின் உச்ச வெளிச்சத்தையே தேவைக்குத் தக்கபடி குறைத்து வைப்பதால் மட்டும் 36 சதவீதம். எழுதும் மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் போதும். பல அலுவலகங்களில் கண் கூசும் அளவுக்கு அதைத் தாண்டிப் போட்டிருக்கிறோம்.

நம்மூர்க் கணக்குக்கு வருவோம். 36 வாட் பேனல் லைட் 50 உள்ள ஹால். நாளுக்குப் பத்து மணி நேரம், வருடம் 300 நாள் எரிந்தால் 5,400 யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 1,800 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 16,200 ரூபாய். கருவிகளின் விலைப்பட்டியலை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். பெரிய தளங்களுக்கு இது சீக்கிரம் கட்டுபடியாகும். நாலு விளக்குள்ள சிறிய அலுவலகத்துக்கு ஜன்னலைத் திறப்பதும் விளக்குகளுக்குத் தனித்தனி சுவிட்ச் வைப்பதுமே போதும்.

வாங்குவதோடு வேலை முடிவதில்லை. சரியாக அமைப்பதுதான் முக்கியம். சாதாரண அகச்சிவப்பு சென்சார் உடம்புச் சூட்டின் அசைவைப் பார்க்கும். கம்ப்யூட்டர் முன் அசையாமல் உட்கார்ந்திருப்பவரை ‘ஆள் இல்லை’ என்று எண்ணி விளக்கை அணைத்துவிடும். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சலித்து, கடைசியில் சென்சார் மேல் டேப் ஒட்டிவிடுவார். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு எரிசக்திச் சிக்கனக் கட்டட விதி, ஆள் வெளியேறி 15 நிமிடத்துக்குள் சென்சார் விளக்கை அணைக்க வேண்டும் என்கிறது. கையால் அணைக்கச் சுவரில் ஒரு சுவிட்சும் கட்டாயம் என்கிறது. இரண்டும் நியாயமானவை. அவசரப்பட்டு அந்த நேரத்தை இரண்டு நிமிடமாக்காதீர்கள். வயர்லெஸ்ஸிலும் ஒரு சிக்கல் உண்டு: இரும்புத் தகடு வேய்ந்த கொட்டகையில் ரேடியோ அலை தடுமாறும். மொத்தமாக வாங்குமுன் பத்து விளக்கில் பொருத்திச் சோதியுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இரவு ஷிப்டில் நம் பெண்பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். நடைபாதை, மாடிப்படி, கழிவறை வழி, பஸ் நிற்கும் இடம் ஆகியவை ஒருபோதும் முழுக்க இருண்டுவிடக் கூடாது. அங்கே விளக்கு மங்கலாக எரியட்டும். ஆள் வந்தால் பிரகாசமாகட்டும். மெஷின் ஓடும் இடத்தையும் அவசரகால விளக்குகளையும் இந்தச் சென்சார்களோடு இணைக்கவே கூடாது. ஒருவர் பயந்து நடக்கும்படி மிச்சம் பிடிக்கும் மின்சாரம் நமக்கு வேண்டாம்.

நாளை வேலைக்குப் போனதும் உங்கள் தளத்தை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். ஆளில்லாமல் எரியும் விளக்குகள் எத்தனை, ஜன்னலோரத்தில் பகலில் எரிபவை எத்தனை என்று ஒரு தாளில் குறித்து, பராமரிப்புப் பிரிவில் கொடுங்கள். ஸ்டோர் ரூமிலும் மீட்டிங் ரூமிலும் தொடங்கச் சொல்லுங்கள். எந்த விளக்கு எப்போது வீணாகிறது என்று அந்தத் தளத்தில் தினமும் உட்காரும் உங்களுக்குத்தான் தெரியும். திட்டம் உங்கள் தாளிலிருந்து தொடங்கட்டும்.