தலையணை உறைக்குள் இட்லி
(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கக் கூப்பிட்டீங்க. நான் என் மகளைப் பற்றிப் பேசப்போறேன்.

தத்தெடுத்து வந்தபோது அவளுக்கு வயது 4. மூன்றாம் நாள், தலையணை உறைக்குள் நாலு இட்லி ஊசிப்போய் எறும்பு மொய்த்துக் கிடந்தது. "கேட்டா தரமாட்டோமா, ஏன் திருடுற?" என்று அதட்டினேன். அவள் அழவில்லை. சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டாள்.

'திருடுற.' பள்ளிக்கூடத்தில் பேனா காணாமல்போனால் முதலில் என் பையைத்தான் கவிழ்ப்பார்கள். அந்தச் சொல்லைத்தான் நான் அவள்மேல் எறிந்திருக்கிறேன்.

அது திருட்டில்லை தோழர்களே. அடுத்த வேளை சோறு வருமா என்று தெரியாத உடம்பு செய்த ஏற்பாடு. சோறு வந்த பிறகும் உடம்பு உடனே நம்பாது.

அவள் படுக்கை பக்கத்தில் ஒரு டப்பா வைத்தோம். பொட்டுக்கடலை, பிஸ்கட். யாரும் எண்ண மாட்டோம், குறையக் குறைய நிரப்புவோம். ஒளித்துவைப்பது நிற்க எட்டு மாசம் ஆனது.

ஆறு மணிக்கு வருவேன் என்றால் ஆறு மணிக்கு வந்தாகணும். ஒருநாள் வங்கியில் கேஷ் டேலி ஆகாமல் எட்டாகிவிட்டது. வாசற்படியில், தன் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் போயிடணுமாப்பா?" என்றாள். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை.

ருமேனியாவில் 1989இல் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோதுதான் அங்கத்தி இல்லங்களில் குழந்தைகள் கிடந்த கதி உலகத்துக்குத் தெரிந்தது. 2000இல் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இல்லத்திலேயே இருந்தவர்களைவிட, வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயசுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். என் மகள் பிந்தி வந்தவள். அதனால் பொறுமை எங்களுக்குத்தான் கூடுதலாக வேணும், அவளுக்கில்லை.

அக்கம்பக்கத்தில் முதல் கேள்வி, "என்ன சாதிப் புள்ளையோ?" இரண்டாவது, "பெரிய புண்ணியம் பண்ணிட்டீங்க, நன்றியோட இருக்கணும்." முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்குப் பழக்கம் உண்டு. இரண்டாவதில்தான் நாமும் விழுந்துவிடுகிறோம். பிள்ளை முரண்டு பிடிக்கும்போது, "உனக்கு எவ்வளவு செஞ்சோம்" என்று வாய்வரைக்கும் வருகிறது.

என் தாத்தா பண்ணையார் ஊற்றிய கஞ்சிக்குக் கைகட்டி நின்றவர். உழைத்தவர் அவர், நன்றி சொன்னவரும் அவர். அந்த நன்றியை என் மகளிடம் கேட்க மாட்டேன். சோறும் வீடும் அப்பனும் ஆத்தாளும் அவளுக்கு உரிமை, பிச்சையில்லை.

இப்போது அவளுக்கு வயது 9. போன வாரம் முதல்முறையாக என்னிடம் சண்டை போட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். பையில் துணி எடுத்து வைக்கவில்லை.