மலையிலிருந்து இறங்கும் சுமை



செப்டம்பர் பிறந்ததும் அமெரிக்காவின் மேற்கே, ராக்கி மலைத்தொடர் ஓடும் கொலராடோ, ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்கிவிடும். முதலில் வில்லோடு சிலர், அக்டோபரில் துப்பாக்கியோடு பலர், உரிமம் வாங்கிக்கொண்டு மலையேறுவார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை போட்டிருக்கிறது. அங்கே மாநில அரசே மான்களின் எண்ணிக்கை பார்த்து, பருவம் குறித்து, உரிமம் கொடுத்து நடத்துகிறது. அந்த வேட்டைக்காரர்கள் முதுகுச் சுமையையும் உடம்புச் சுமையையும் குறைக்க எடுக்கும் முயற்சியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். குறி பார்த்துச் சுடுவதற்கும் முன்னால் கற்க வேண்டியது இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காரணம் அந்த மானின் எடை. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். தோலும் குடலும் எலும்பும் போக, தனிக்கறி மட்டுமே ஏறத்தாழ 100 கிலோ தேறும். மான் விழுகிற இடத்துக்கோ வண்டி வராது. 1964ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வனாந்தரச் சட்டத்தின்படி ஒதுக்கப்பட்ட காடுகளுக்குள் மோட்டார் வண்டி மட்டுமல்ல, மிதிவண்டிகூடப் போகக் கூடாது. குதிரை உள்ளவர்கள் குதிரையில் ஏற்றலாம். இல்லாதவர்களுக்கு அவரவர் முதுகுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாலையிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே, தனி ஆள், 100 கிலோ கறி. நடைக்கு 33 கிலோ என்று வைத்தால் மூன்று நடை. கூடாரம், படுக்கை, சமையல் சாமான் எல்லாம் கனமாக இருந்தால் அதற்கு இன்னொரு நடை. நான்கு முறை சுமையோடு இறங்க வேண்டும், மூன்று முறை வெறுங்கையோடு திரும்ப ஏற வேண்டும். ஆக 35 கிலோமீட்டர். அந்தக் கூடாரமும் படுக்கையும் இலேசாக இருந்து, கறிச் சுமைகளோடு சேர்த்தே இறக்கிவிட முடிந்தால் 25 கிலோமீட்டரோடு வேலை முடியும். மிச்சமாகும் 10 கிலோமீட்டர் வெறும் கால்வலிக் கணக்கு இல்லை. வெயில் ஏறுவதற்குள் கறியை நிழலுக்கும் குளிருக்கும் கொண்டு சேர்க்காவிட்டால் கெட்டுப்போகும். மொன்டானா, வயோமிங் பக்கம் கிரிஸ்லி கரடியும் வாசனை பிடித்து வந்துவிடும். கொன்ற உயிரை அழுக விடுவதைப் போன்ற பாவம் வேட்டையில் வேறில்லை. சுமையைக் குறைக்கும் பேச்சு எனக்குப் பெரிதாகப் படுவது அதனால்தான்.

இந்தக் கலைக்கு ஒரு முன்னோடி உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்பவர். பென்சில்வேனியாவில் வெல்ஸ்பரோ என்ற ஊரில் செருப்புத் தைக்கும் தொழில் செய்தவர். வேட்டையும் மீன்பிடியும் எழுத்தும் அவருடைய உயிர். நெஸ்மக் என்ற புனைபெயரில் 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' இதழில் எழுதிவந்தார். மெலிந்த, குள்ளமான மனிதர். எடை 50 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நுரையீரல் நோய் வேறு. அந்தக் காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் காடுகளுக்குப் போகிற சீமான்கள் கூலிக்கு வழிகாட்டி வைத்து, படகையும் மூட்டையையும் அந்த வழிகாட்டியின் தலையில் ஏற்றிவிடுவார்கள். சியர்ஸிடம் அதற்குக் காசும் இல்லை, தானே சுமக்க உடம்பில் தெம்பும் இல்லை. எனவே சுமையைத் தன் உடம்புக்கு ஏற்றபடி வெட்டினார். ரஷ்டன் என்ற படகுத் தச்சரிடம் சொல்லி, 5 கிலோவுக்கும் குறைவான ஒரு சிறு படகைக் கட்டுவித்தார். 1883இல், அறுபதைக் கடந்த வயதில், அதை வைத்துக்கொண்டு 400 கிலோமீட்டருக்கு மேல் ஏரியும் ஆறுமாகச் சுற்றிவந்தார். படகு, போர்வை, மாற்றுடை, கைக்கோடரி, தூண்டில், இரண்டு நாள் சாப்பாடு எல்லாம் சேர்ந்து 12 கிலோவுக்குள் அடக்கம். மறு ஆண்டு 'வுட்கிராஃப்ட்' என்ற நூலில் தன் முறைகளை எழுதிவைத்தார். டைட்டேனியமும் நைலானும் இல்லாத காலத்தில் அவர் செய்தது இது. ஒவ்வொரு பொருளையும் எடுத்து, இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டார், அவ்வளவுதான். எந்தக் கடையிலும் கிடைக்காத கருவி அந்தக் கேள்வி.

இன்றைக்குக் கருவிகள் ஏராளம். ஒரு கிலோவுக்குள் அடங்கும் கூடாரம், வாத்து இறகு அடைத்த தூக்கப்பை, 100 கிராம்கூட வராத தண்ணீர் வடிகட்டி எல்லாம் கிடைக்கின்றன. வடிகட்டி கையில் இருந்தால் ஓடை கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறக்கக் கூடாது. சாப்பாட்டிலும் இதே கணக்குதான். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. வேர்க்கடலை, பாதாம், பாலாடைக்கட்டி, கொஞ்சம் எண்ணெய் என்று கட்டினால் ஒரு நாள் உணவு முக்கால் கிலோவில் முடியும்.

ஆனால் நெடுநடை போகிறவர்களைப் பார்த்து வேட்டைக்காரர் அப்படியே பின்பற்றினால் ஆபத்து. அவர்கள் அரைக் கிலோ எடையுள்ள மெல்லிய முதுகுப்பையோடு போவார்கள். அதில் 35 கிலோ கறியை ஏற்றினால் தையல் பிரியும், பட்டை தோளை அறுக்கும். வேட்டைக்காரருக்கு வலுவான சட்டமும் அகலமான இடுப்புப் பட்டையும் உள்ள பை வேண்டும். சுமை தோளில் தொங்காமல் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். அதன் எடை 3 கிலோ ஆனாலும் ஆகட்டும். துப்பாக்கியும் அப்படித்தான். மிக இலேசான துப்பாக்கி தோளைப் பலமாக உதைக்கும். மேடேறி மூச்சிரைக்கும் நேரத்தில் அதன் குழல் நிலைகொள்ளாமல் ஆடும். அரைக் கிலோ மிச்சம் பிடிக்கப் போய், மானைக் காயப்படுத்திக் காட்டுக்குள் சாக விடுவது எந்தக் கணக்கிலும் சேராது. மழைச்சட்டை, கம்பளி உள்ளாடை, தீ மூட்டும் சாமான், முதலுதவிப் பொருள் இவற்றிலும் கை வைக்கக் கூடாது. அந்த மலைகளில் செப்டம்பரிலேயே பனி கொட்டும்.

காலணி மட்டும் தனிக் கதை. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 1969இல் சோதித்து வெளியிட்டது இது: பாதத்தில் ஏறும் ஒரு கிலோ, உடம்பில் சுமக்கும் கிலோவைப்போல நான்கிலிருந்து ஆறு மடங்கு சக்தியைத் தின்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டியிருக்கிறதே! ஆகவே, கணுக்காலைத் தாங்குகிற காலணிகளில் இலேசானது எதுவோ அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இனி உடம்புக்கு வருகிறேன். இதைச் சொல்லப் பலரும் தயங்குகிறார்கள்.

சுமையோடு நடக்க எவ்வளவு சக்தி செலவாகும் என்று கணக்கிட, 1977இல் பாண்டால்ஃப் என்ற ராணுவ ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சூத்திரம் வகுத்தார்கள். அதில் மேடு ஏறும் பகுதியைப் பார்த்தால் உடல் எடையையும் சுமை எடையையும் ஒன்றாகக் கூட்டியே பெருக்குகிறார்கள். 80 கிலோ மனிதர், 20 கிலோ பை, செங்குத்தான ஏற்றம் என்று வைத்து நான் கணக்குப் போட்டேன். பையில் 5 கிலோ குறைத்தாலும், உடம்பில் 5 கிலோ குறைத்தாலும், மிச்சமாகும் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான்: நூற்றுக்கு ஐந்து. பையில் அந்த 5 கிலோவைக் குறைக்க ஆயிரக்கணக்கான டாலர் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். இடுப்பைச் சுற்றி ஏறியிருக்கும் 5 கிலோவை இறக்கக் காசே வேண்டாம், காலம் வேண்டும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. வாரத்துக்கு அரைக் கிலோ என்று நிதானமாக இறக்குவதே நல்லது. பட்டினி கிடந்து அவசரமாக இறக்கினால் கொழுப்போடு தசையும் கரையும். கறியைச் சுமக்கப்போவது அந்தத் தசைதான்.

இதயத்தையும் நினைக்க வேண்டும். 3,000 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. மிச்சிகன் மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போன நடுவயதுக்காரர்களின் உடம்பில் இதயத் துடிப்பைப் பதியும் கருவியைப் பொருத்தி மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். மருத்துவமனை ஓடுபொறியில் எட்டிய உச்சத் துடிப்பையும் சிலர் காட்டில் தாண்டியிருந்தார்கள். ஆண்டு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஒரு வாரம் மலைக்குப் போகிறவர், கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

பயிற்சி எளிது. வசந்த காலத்திலேயே முதுகுப்பையில் தண்ணீர்க் கேன்களை வைத்துக்கொண்டு அருகிலுள்ள குன்றில் ஏறத் தொடங்குவார்கள். வாரம் ஒன்றிரண்டு லிட்டர் கூட்டிக்கொண்டே போவார்கள். உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கினால் மூட்டுக்கு அழுத்தம் குறையும். ஆனால் பருவம் நெருங்கும்போது சில தடவையாவது சுமையோடு இறங்கியும் பழக வேண்டும். மான் கிடைத்த பிறகு அந்தச் சுமையைக் கொட்ட முடியாது.

உண்மையில், எடைக் குறைப்பு அப்போதும் முடிவதில்லை. மான் விழுந்த இடத்திலேயே தோலுரித்து, தொடை, முன்சப்பை, முதுகுக்கறி என்று பிரித்து, எலும்பை நீக்கி, காற்றுப் புகும் துணிப்பைகளில் கட்டித் தொங்கவிடுவார்கள். எலும்பைக் காட்டிலேயே விட்டால் ஒரு நடை குறையவும் கூடும். கறியை மட்டும் விட்டுவர முடியாது. நான்கு கால் சப்பைகளும் முதுகுக்கறியும் வந்தாக வேண்டும் என்று கொலராடோவில் சட்டமே இருக்கிறது. அலாஸ்காவில் இன்னும் கண்டிப்பு. உண்ணத் தகுந்த கறியின் கடைசிச் சுமை கிளம்பும்வரை கொம்பை அந்த இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது. சுவரில் மாட்ட ஆசைப்படும் கொம்பு கடைசி நடையில்தான் வரலாம். அந்தக் கடைசி நடைக்கும் காலில் தெம்பு மிச்சம் இருப்பதற்காகத்தான் ஆறு மாதமாகப் பையிலும் உடம்பிலும் கிலோ கிலோவாக இறக்கியது.