ட்ரோன் ஓட்டுவோர்க்கு உகந்த கைத்திரை
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சங்கத்தின் ஆண்டு விழாவில் இசையும் இலக்கியமும் முதலிடம் பெறுவது முறையே. ஆயினும், நம் பிள்ளைகளின் பிழைப்புக்கு உதவும் தொழிற்செய்தி ஒன்றும் மேடையேற வேண்டும் என்று செயற்குழுவினர் விரும்பினர். அதற்கிணங்க, காமிரா பொருத்திய ட்ரோனைப் பறக்கவிடுவோர் கையில் வைத்துப் பார்க்கும் மானிட்டரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை நாம் பொருளாக எடுத்துக்கொண்டோம். இஃது இளைஞர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

பட்டான்செருவில் வாழும் நமக்கு ட்ரோன் புதிய பொருளன்று. 1972-இல் இங்கு நிறுவப்பெற்ற இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிராராய்ச்சி நிலையம் சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகிய பயிர்களை ஆராய்ந்து வருவதை அனைவரும் அறிவீர்கள். அந்நிலையம் தன் ஆய்வு வயல்களில் ட்ரோன் கொண்டு விவரங்கள் திரட்டுவதற்கு 2020 நவம்பரில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் நிபந்தனையுடன் அனுமதி அளித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், நமக்கு அண்மையிலுள்ள விகாராபாத்தில், ‘வானிலிருந்து மருந்து’ என்னும் திட்டத்தின்கீழ் ட்ரோன்கள் மருந்துப் பெட்டிகளைச் சுமந்து பறந்தன.

விகாராபாத்தில் ட்ரோன்கள் பார்வைக்கு அப்பாலும் செலுத்தப்பட்டன. அங்கே ஓட்டுவோன் கருவிகள் சொல்வதையே நம்பியிருக்க வேண்டும். ஆதலின் அதற்கெனத் தனி அனுமதியும் ஏற்பாடுகளும் தேவைப்பட்டன. நம் இளைஞர்கள் மேற்கொள்ளும் கல்யாணப் படப்பிடிப்பும், கட்டட வேலைப் படமும், வயல் அளவையும் அத்தகையவை அல்ல. இவற்றில் ட்ரோன் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே நிற்றல் வேண்டும். ஓட்டுவோனின் முதற்கண் வானில் இருக்க, திரை இரண்டாவது கண்ணாக உதவ வேண்டும். ஒரே நொடியில் வேண்டியதைச் சொல்லிவிட்டு, நம் பார்வையை மீண்டும் வானுக்கு அனுப்பிவிடும் திரையே நல்ல திரை. நாம் சொல்ல வந்ததன் சாரம் இதுவே. இனிச் சொல்வன யாவும் இதன் விரிவு.

முதலில் ஓர் உண்மையை உளங்கொள்ள வேண்டும். திரையில் தோன்றுவது இப்பொழுது நடப்பதன்று. சற்று முன் நடந்தது. காமிரா கண்ட காட்சி சுருக்கப்பட்டு, வானொலி அலையாக வந்து, மீண்டும் விரிக்கப்பட்டுத் திரையில் தோன்றுவதற்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வினாடி வரை ஆகின்றது. ட்ரோன் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லுமாயின், அதற்குள் ஒன்று முதல் இரண்டு மீட்டர் கடந்துவிடும். மண்டபத்துத் தோரணக் கம்பிக்கும் இறக்கைக்கும் இடையே இருக்கும் தூரம் பல வேளைகளில் அவ்வளவே. திரையை மட்டும் நம்புவோன் கடந்த காலத்தை நம்புகின்றான்.

நிற்க. திரையைத் தேர்வதில் முதற்பகை வெயில். திரையின் ஒளியை ‘நிட்ஸ்’ என்னும் அளவால் குறிப்பர். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பிலிருந்து ஒரு கேண்டெலா, அதாவது ஏறத்தாழ ஒரு மெழுகுவத்தியளவு ஒளி, வெளிப்படுமாயின் அஃது ஒரு நிட். டேப்லெட்டுகளில் பல 500 நிட்ஸ் அளவின. வெளியிடப் பயன்பாட்டுக்கென்றே செய்த மானிட்டர்கள் 1,000 முதல் 2,000 நிட்ஸ் வரை தரும். எண் பெரிதாயின் விலையும் பெரிது. ஆயின், எண்ணை மட்டும் பார்த்து வாங்குதல் போதாது.

அலுவலக அறை ஒன்றில் மேசைமேல் விழும் ஒளி சுமார் 500 லக்ஸ். உச்சி வெயிலில் தரைமேல் விழுவது சுமார் 1,00,000 லக்ஸ். அந்த வெயிலில் நிற்போன் அணிந்துள்ள வெள்ளைச் சட்டை ஏறத்தாழ 25,000 நிட்ஸ் அளவுக்கு ஒளிவிடும். திரையின் கண்ணாடி அதில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பினாலும் 1,000 நிட்ஸ் ஆகின்றது. பெரும்பணம் கொடுத்து வாங்கிய மானிட்டர் தரும் ஒளிக்குச் சமமான வெளிச்சத்தை நம் சட்டையே அதன்மேல் பூசிவிடுகின்றது! கல்யாண வீட்டுக்கு வெள்ளை வேட்டி சட்டையில் செல்வது நம் மரபு. ட்ரோன் ஓட்டச் செல்வோன் மட்டும் கருமையான சட்டை அணிந்து செல்லட்டும். இதற்குத் தனிச் செலவு ஏதும் இல்லை.

அடுத்தது நிழல். மர நிழலில் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். திரையைச் சுற்றி மடித்துப் பொருத்தும் கறுப்பு மறைப்பு, காலை மாலை வேளைகளில் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்றல், உடன் வருவோர் பிடிக்கும் ஒரு கறுப்புக் குடை ஆகியவை 500 நிட்ஸ் திரையையும் பயனுள்ளதாக்கும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் வானில் ட்ரோனும் ஒளிபெற்றுத் தெளிவாகத் தெரியும். கறுப்புக் கண்ணாடி அணிவோர் ‘போலராய்டு’ வகையைத் தவிர்க்க வேண்டும். ஒரு கோணத்தில் அதனூடே திரை முற்றிலும் இருண்டு தோன்றும்.

கல்யாணப் படம் எடுப்போன் இளங்காலையையும் மாலையையும் தேர்ந்துகொள்ளலாம். வயற்படம் எடுப்போனுக்கு அவ்வுரிமை இல்லை. செடியின் நிழல் குறுகியிருத்தல் வேண்டும் என்பதற்காகவே பயிராய்வுப் படங்கள் நண்பகலை ஒட்டி எடுக்கப்படுகின்றன. ஆதலின் வயல் வேலையை நாடுவோர் 1,000 நிட்ஸுக்குக் குறையாத திரையையும் நல்ல மறைப்பையும் கொள்வது தகும். மாலை வரவேற்பு மட்டும் எடுப்போர்க்கு அச்செலவு வேண்டாதது.

இரண்டாவது பகை வெப்பம். நம்மூரில் சித்திரை வைகாசியில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது உண்டு. ஆனால் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனையும் ஐபேடையும் 35 பாகைக்கு மேற்படாத சூழலில் உபயோகிக்குமாறு கூறுகின்றது. சூடேறினால் அவை தம் திரையின் ஒளியைத் தாமே குறைத்துக்கொள்ளும். மேலும் சூடேறினால் பணியை நிறுத்திவிடும். அந்நேரத்தில் ட்ரோன் வானில் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆதலின் பறக்கவிடும் வரை கருவியைக் காருக்குள்ளும் வெயிலிலும் வைத்தலாகாது. மறைப்பைப் பொருத்துங்கால் காற்றுப் புகும் வழியை அடைத்தலும் ஆகாது. உள்விசிறி உடைய மானிட்டரோ, திரையும் ரிமோட்டும் ஒன்றாய் அமைந்து வெப்பத்துக்கென வடிவமைத்த கருவியோ கோடைக்கு ஏற்றது.

மூன்றாவதாக அளவும் நுட்பமும். ‘4கே’ மானிட்டர் வேண்டும் என்று பல பிள்ளைகள் கேட்கின்றனர். ட்ரோன் தன் அட்டையில் பதிவு செய்வது 4கே ஆக இருக்கலாம். ஆனால் பெரும்பாலான ட்ரோன்கள் நம் கைக்கு அனுப்பும் நேரடிப் படம் அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் உடையதே. 4கே படத்தின் புள்ளிகளில் இது நான்கில் ஒரு பங்கு. வராத நுட்பத்தைக் காட்டும் திரைக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? அப்பணத்தை ஒளிக்கும் மறைப்புக்கும் செலவிடுங்கள்.

திரையின் அளவு ஐந்தரை அங்குலம் முதல் ஏழு எட்டு அங்குலம் வரை போதும். சிறு டேப்லெட் ஒன்று சுமார் 300 கிராம் இருக்கும். அதை ரிமோட்டின் தலையில் பொருத்தினால் எடை முன்சாய்ந்து, அரைமணியில் மணிக்கட்டு சோர்வுறும். சோர்ந்த கை விசையை அழுத்தமாகத் தள்ளும். ஏழு அங்குலத்துக்கு மேற்பட்டதாயின் கழுத்துப் பட்டையோ முக்காலி ஸ்டாண்டோ அவசியம்.

திரையில் தோன்றும் ஒளி இருளைக் கண்ணால் மட்டும் நம்பலாகாது. வெயிலில் திரை மங்கலாகத் தெரிவதால் படமே இருண்டுள்ளது என மயங்கி, காமிராவின் ஒளிவாயிலைத் திறந்துவிடுவோர் பலர். வீட்டுக்கு வந்து பார்த்தால் மணமகளின் பட்டுச் சரிகை வெறும் வெண்மையாக எரிந்து போயிருக்கும். மிகையொளி விழும் இடங்களில் கோடுகள் இட்டுக் காட்டும் ‘ஜீப்ரா’ வசதியும், ஒளிப் பரவலைக் காட்டும் ‘ஹிஸ்டோகிராம்’ படமும் உள்ள திரையை வாங்குக. அவை வெயிலிலும் பொய் சொல்லா.

இனி, பலரும் கருதாத ஒன்று. நம் கல்யாணங்களில் ட்ரோன் எழும்பியவுடன் மாமாவும் சித்தப்பாவும் ஓட்டுவோனின் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பர். ஆசை இயல்பே, ஆயினும் அஃது அபாயம். கேள்வி ஒன்றுக்கு விடை சொல்லத் திரும்பும் நொடியில் ட்ரோன் கூட்டத்தின்மேல் நகர்ந்துவிடலாம். ஆதலின் பார்வையாளர்க்கெனத் தனி மானிட்டர் ஒன்றைப் பத்தடி தள்ளி ஸ்டாண்டில் நிறுத்துவது சாலச் சிறந்தது. இதற்கு விலை மலிந்த ஏழு அங்குல மானிட்டரே போதும்.

இதற்கு வேண்டியவை இரண்டு. ரிமோட்டில் ஹெச்.டி.எம்.ஐ. வாய் இருத்தல் வேண்டும்; எல்லா ரிமோட்டிலும் அது கிடையாது என்பதால் வாங்குமுன் கேட்டறிக. மின்சாரத்துக்குக் காமிராக் கடைகளில் கிடைக்கும் சோனி எஃப்.970 வகைப் பேட்டரி ஏறத்தாழ 47 வாட்-மணி கொள்ளும். 12 வாட் இழுக்கும் மானிட்டருக்கு அது மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது வரும் என்று கணக்கிடலாம். ஒளியை முழுதும் ஏற்றினால் இக்காலம் குறையும். கேபிளுக்குப் பதிலாகக் கம்பியில்லாப் படக்கருவி வைப்போர், அது 2.4 அல்லது 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குமாயின், ட்ரோனின் சொந்தத் தொடர்பே அதே வரிசைகளில் உள்ளது என்பதை மறவாதீர்கள். விருந்தினர்க்குப் படம் காட்டப்போய் ட்ரோனின் கட்டுப்பாட்டை இழத்தல் ஆகாது.

கண்களை மூடி அணியும் திரைக்கண்ணாடி பற்றியும் ஒரு சொல். அது காட்சியை அழகுறக் காட்டும்; ஆனால் முதற்கண்ணைப் பறித்துவிடும். அதை அணிவோன் அருகில், ட்ரோனை விட்டுப் பார்வை அகற்றாத துணைவர் ஒருவர் நிற்பது இன்றியமையாதது.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். திரைக்குப் பணம் கொடுக்குமுன் தகுதிக்குப் பணம் கொடுங்கள். 2021 ஆகஸ்டில் வெளிவந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காக ஓட்டுவோர்க்குச் சான்றிதழ் வேண்டும்; 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அதற்குரிய தொடக்கத் தகுதிகள். வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்த வரைபடத்தையும் அரசு 2021 செப்டம்பரில் வெளியிட்டது. விமானப்படைப் பயிற்சி நிலையம் துண்டிகல்லிலும், படைக்கலத் தொழிற்சாலை எத்துமைலாரத்திலும் இருக்கும் நம் வட்டாரத்தில், ஒவ்வொரு முறையும் அவ்வரைபடத்தைப் பார்த்த பின்னரே ட்ரோனைக் கையிலெடுத்தல் கடமை.

கடைக்குச் செல்வோர் மானிட்டரை விளக்கொளியில் பார்த்து மயங்காமல், நண்பகலில் வாசலுக்குக் கொண்டுவந்து காட்டச் சொல்லுக. அங்கே தலைநிமிர்ந்து எதிர்மரத்து உச்சியைப் பார்த்துவிட்டுத் திரையை நோக்குக. உயரம், பேட்டரி, தூரம் ஆகிய மூன்று எண்களையும் ஒரே பார்வையில் படித்துவிட்டு மீண்டும் மரத்தைப் பார்க்க முடிந்தால் அத்திரை உங்களுடையது. கண்ணைச் சுருக்கிக் குனிந்து தேட நேர்ந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிடுக.

இறுதியாக, அத்திரையில் அயலார் மொட்டை மாடியும் தெரியும். அங்கே வடகம் காயவைக்கும் தாய்மார் நம்மவராயினும் தெலுங்கு அன்பர்களாயினும், அவர்கள் நம் படத்துக்கு இசைந்தவர்கள் அல்லர். அவ்விடம் திரையில் வந்தவுடன் காமிராவைத் திருப்பிக்கொள்வதே பண்பாடு. வந்த மண்ணில் நல்ல அயலாராக வாழும் நம் சங்கத்தின் பிள்ளைகள், தொழிலிலும் அவ்வாறே பெயர் பெறுவார்களாக என வாழ்த்தி அமைகின்றோம்.